படியேறாத வெளிச்சம்

12-3-1959, வல்லத்திராக்கோட்டை
சுவருக்கு அந்தப் பக்கம் மலையாண்டி அண்ணன் இருமுகிறார். சிம்னி விளக்குப் புகை இளைப்புக்காரருக்கு ஆகாது. என் பக்கம் கரண்டு இருக்கிறது, வயர் இழுக்கத்தான் வழியில்லை. என்னோடு வந்த கிணற்றுப் பங்குச் சண்டையில், "அவன் வீட்டுச் சாமான் ஒண்ணும் இனி என் படியேறாது" என்று ஐயனார் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். மீறுகிற ஆளா அவர்?

29-3-1959
ரேடியோ கடையில் வேலையாக இருந்தபோது தோன்றியது. ஸ்டேஷன் பிடிப்பதுபோல இரண்டு காயில்களையும் ஒரே அலைவரிசையில் நிறுத்தினால், ஒன்றின் காந்த அதிர்வு மற்றதில் கரண்டாக எழும். நடுவில் வயர் வேண்டாம். மண்சுவரும் தடுக்காது. அப்புறம் எது படியேறுகிறது?

17-4-1959
மேசைமேல் ஒரு முழ இடைவெளியில் பல்ப் பளிச்சென்று எரிந்தது. சுவரின் அந்தப் பக்கம் மாட்டச் சொல்லி அழகி மதினியிடம் ஒரு காயிலையும் பல்பையும் கொடுத்தேன். விலைக்கு வாங்கினால் அது அவர்கள் வீட்டுச் சாமான்தானே; சத்தியத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டேன். "ஒங்க அண்ணன் கண்ணுல படாம மாட்டிர்றேன்" என்றார்.

18-4-1959
கங்கு மாதிரி செவக்குது, அம்புட்டுத்தான் என்கிறார் மதினி.

30-5-1959
காயிலைப் புதிதாகச் சுற்றினேன். தினமும் சாயங்காலம் கடை விட்டு வந்ததும் அலைவரிசை சேரக் கண்டென்சரைத் திருகுகிறேன். வால்வு சூடேறியதுதான் மிச்சம்.

2-7-1959
அதே கங்கு. அவ்வளவு கரண்டும் எங்கே போகிறது? அங்கே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். போகலாமா — எந்த முகத்தோடு? முதலில் எரியட்டும், அப்புறம் போகிறேன்.

9-8-1959
அண்ணன் போய்விட்டார். கொள்ளி வைத்தது நான்.

26-8-1959
காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் அண்ணன் வீட்டுப் பக்கமிருந்து அந்தச் சுவரைப் பார்த்தேன். காயிலை மறைக்க மதினி இரும்பு ட்ரங்குப் பெட்டியை ஒட்டி நிறுத்தியிருக்கிறார். நான் அனுப்பியதையெல்லாம் அந்த இரும்பு தின்றிருக்கிறது. பக்கத்தில் இரும்பு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேனே, பாவி. பெட்டியை நகர்த்திவிட்டு என் பக்கம் போய் சுவிட்சைப் போட்டேன். திரும்பி வந்தால் பல்ப் வெள்ளையாக எரிகிறது.

மதினி அழுதார். "ஒங்க அண்ணன் மொத நாளே பாத்துட்டாக, கொழுந்தனாரே. சாயங்காலம் செவந்துச்சுன்னா 'தம்பி கடையிலருந்து வந்துட்டான்'னு சொல்லிட்டு அதையே பாத்துக்கிட்டுக் கெடப்பாக. 'சத்தியம் சாமானுக்குத்தானே பண்ணுனேன், அவன் வர்றதுக்கு என்ன'ம்பாக."

எனக்கு ஏன் அது தோன்றவில்லை? சுவர் வழியாக அனுப்பத் தெரிந்தவனுக்கு, வாசல் வழியாகப் போகத் தெரியவில்லை.

14-9-1959
மதினி வீட்டுக்கு வயர் இழுத்தாயிற்று. கடை விட்டு வந்ததும் படியேறிப் போய், அண்ணன் படுத்திருந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது.