குழாயை மூடிட்டுப் பாடு

சாந்தியாகோ,
ஜூன் 4

தாரியோ,

வால்பராய்சோ கடற்காற்றில் உன் இருமல் எப்படி இருக்கிறது? போனில் உன் குரல் கேட்டால் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ வீட்டைவிட்டுப் போன பிறகு இதுதான் முதல் கடிதம்.

எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். நம் தெருமுனைக்கு வரும் மின்சாரப் பேருந்துகள் முன்னெல்லாம் சத்தமே போடாது. போன வாரத்திலிருந்து நிறுத்தத்தை நெருங்கும்போது பாடுகின்றன. வாய் திறக்காமல் மூக்காலேயே பாடும் மெட்டு. முதல் நாள் ரொட்டிப் பையை நழுவவிட்டேன். நடுவில் ஓரிடத்தில் குரல் உடைந்து மறுபடி ஏறுகிறது. அப்படிப் பாடினவன் நம் மகன் ஒருத்தன்தான்.

அமாரோ அடிபட்டு விழுந்த இடத்தில் நான் வைத்த அனிமீத்தா, அந்தத் தகரக் குட்டி வீடு, இன்னும் இருக்கிறது. தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அதற்கு எதிரில் வந்து நின்று, அவனை இடித்த அதே வழிப் பேருந்து அவன் குரலில் பாடுகிறது. பக்கத்து வீட்டு மிரேயாவிடம் சொன்னேன். "கரண்டு வண்டின்னா ஏதாச்சும் ஊளையிடத்தான் செய்யும். நீ மொதல்ல நல்லா தூங்குடி" என்கிறாள்.

விளம்பரக் கம்பெனியில் ஒலி வேலை பார்ப்பவன் நீ. இது எனக்கு மட்டும்தான் கேட்கிறதா?

யாஸ்னா

வால்பராய்சோ,
ஜூன் 9

அன்புள்ள யாஸ்னா,

உனக்குப் பைத்தியம் இல்லை. அது அவன்தான்.

சத்தமில்லாத வண்டிகளுக்கு ஓர் ஓசை செய்து தரச்சொல்லி எங்கள் கம்பெனிக்கு வேலை வந்தது. பறவை, தண்ணீர், கிதார் எல்லாம் போட்டுக் காட்டினேன். முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் லிஃப்ட்ல போடுற மியூசிக்யா. ரோட்டுல நிக்கிறவன் திரும்பிப் பாக்கணும்" என்றார். என்னிடம் அமாரோ பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிய பதிவு ஒன்று இருந்தது. அதைப் போட்டேன். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். யார் குரல் என்று நான் சொல்லவில்லை.

அந்த வண்டி வந்தது அவன் காதில் விழவில்லை, யாஸ்னா. விழுந்திருந்தால் நின்றிருப்பான். நீ அவனுக்கு ஒரு தகர வீடு வைத்தாய். எனக்கு ஒரே இடத்தில் நிற்கும் அனிமீத்தா போதவில்லை. ஊரெல்லாம் ஓடட்டும், இன்னொருத்தர் பிள்ளையை விலகச் சொல்லட்டும் என்று நினைத்தேன். உன்னைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன்
தாரியோ

சாந்தியாகோ,
ஜூன் 20

தாரியோ,

சந்தையில் மீன்காரன் போனில் என் பிள்ளை பாடுகிறான். "சூப்பர் ட்யூன் இல்லக்கா? எம்பொண்ணு இதுக்குத்தான் ஆடிக்கிட்டே இருக்கா" என்கிறான். பள்ளிக்கூடப் பெண்கள் இடுப்பை ஆட்டி வீடியோ எடுக்கிறார்கள். 'ஊர் உனக்காகப் பாடுகிறது' என்று நிறுத்தம் முழுக்க உங்கள் விளம்பரம். மெழுகுவர்த்தி வாங்கப் போனால் கடைக்காரியும் அதையே மூக்கால் இழுக்கிறாள்.

செத்தவன் ஒரு தடவை போனால் அழுது தீர்க்கலாம். நீ அவனைப் பேருந்துக்குப் பேருந்து கூட்டிவந்து, கதவைத் திறந்து மூடி, திரும்ப அனுப்பிவைக்கிறாய். அதைவிடக் கொடுமை, பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது. நின்றதும் நான் எதற்கோ காத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. வண்டி போன பிறகும் நின்றுகொண்டே இருக்கிறேன்.

எடுத்துவிடு. எனக்காக நீ இதையாவது செய்.

யாஸ்னா

வால்பராய்சோ,
ஜூலை 2

அன்புள்ள யாஸ்னா,

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மொதல்லயே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார். இம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லா வண்டிகளிலும் கிதார் ஓசைக்கு மாற்றிவிடுவார்கள்.

நீ எதற்குக் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிவில் பாட்டு அங்கே நிற்பதற்குக் காரணமே நீதான். பக்கத்து அறையிலிருந்து, "குழாய மூடிட்டுப் பாடுடா, தண்ணி போகுது" என்று சத்தம் போடுகிறாய். அவன் சிரிக்கிறான். உன் குரல் தொடங்கும் இடத்தில் நான் வெட்டிவிட்டேன்.

வெட்டாத பதிவை இதோடு பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன். அது உன்னுடையது.

உன்
தாரியோ

சாந்தியாகோ,
ஜூலை 29

அன்புள்ள தாரியோ,

பென் டிரைவ் வந்தது. சர்க்கரை டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

சனிக்கிழமை நல்ல மழை. நிறுத்தத்தில் ஒரு பெண் போனைப் பார்த்தபடியே சாலையில் கால் வைத்தாள். பேருந்து பாடிக்கொண்டு வந்தது. சட்டென்று தலை நிமிர்ந்தாள், பின்னால் நகர்ந்தாள். வண்டி அவள் செருப்பை நனைத்துவிட்டு நின்றது. பாட்டும் நின்றது. நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "குழாய மூடிட்டுப் பாடுடா."

"என்னங்க சொன்னீங்க?" என்றாள்.

"ஒன்னுமில்லம்மா. எம்பையன்கிட்ட சொன்னேன்."

அவள் பையனைத் தேடிச் சுற்றிலும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும், பாட்டை எடுக்காதே என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதி என்ன? விடிந்தால் ஞாயிறு. போனில் உன் எண்ணை எடுத்தேன், அழுத்தாமல் வைத்துவிட்டேன். அந்த ஒரு பிடிவாதத்தை என்னால் விட முடியவில்லை.

இன்று காலை முனைக்குப் போனேன். கிதார்தான் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கேட்டதைத்தான் நீ செய்தாய், உன்மேல் குறையில்லை. ஆனால் வண்டி நின்றதும் என் வாய் தானாகவே குழாயை மூடச் சொல்கிறது. மூடுவதற்கு அங்கே யாரும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து போ. அவன் சிரிப்பதை என்னால் தனியாகக் கேட்க முடியாது.

யாஸ்னா