கைப்பக்கம், வாய்ப்பக்கம்

இன்று காலை கரண்ட் போனது. மாதத்துக்கு ஒருமுறை லைன் வேலைக்காக நிறுத்துவார்களே, அதுதான். மின்விசிறி சுற்றி ஓய்வதற்குள் பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "ஏத்தா, கரண்டு போச்சே, நல்லாருக்கியா?" என்று ஆரம்பித்தவர், ஜன்னலோரம் காலியாகக் கிடந்த உன் நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "பழக்கதோசம் தம்பி" என்றார். அவர் குரல் ஒன்றுதான் என் காதுக்கு இன்னும் தடையில்லாமல் எட்டுகிறது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேராலும் சிரிக்க முடியவில்லை.

உனக்குள் ஓடிய கரண்டை இந்தத் தெரு கடைசிவரை புரிந்துகொள்ளவே இல்லை. கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. அதிலிருந்து கழுத்து வழியாக ஏறி மண்டைக்குள் இறங்கும் வயர். நெஞ்சுக்கு வைக்கிற பெட்டி எல்லோருக்கும் தெரியும், மூளைக்கு வைக்கிற பெட்டியை யார் கண்டார்கள்? ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒரு பெண் செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் நின்றாள். "ஷாக் அடிச்சிரும்லக்கா" என்றாள். நீ டேப்பை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாய். ரஹ்மத் அக்காவிடமும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாய். "நான் பேட்டரி வண்டிக்கா. ஈபிக்காரனுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல." அடுத்த மாதம் கரண்ட் போனதும் அவர் மறுபடி ஓடி வருவார்.

வியாதி முதலில் உன் வலது கட்டைவிரலில்தான் வந்து உட்கார்ந்தது. ஜாக்கெட்டுக்கு ஹூக் வைக்கும்போது ஊசி துணியைத் தேடி அலையும். களைப்பு என்று நினைத்தோம். மதுரையில் டாக்டரம்மா நடுக்குவாதம் என்றார். சில வருஷம் மாத்திரை கேட்டது. பிறகு மாத்திரை வேலை செய்கிற நேரம் சுருங்கிக்கொண்டே வந்து, இரண்டு கையும் ஆடத் தொடங்கியது. தையல் மிஷின் மீது துணி போர்த்தியாயிற்று. அப்போதுதான் இந்தப் பெட்டி வைக்கிற ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார்கள்.

காயம் ஆறிய பிறகு பெட்டியை இயக்கிய அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். உன் கை மடியில் கிடந்து, தண்ணீரிலிருந்து எடுத்த கெண்டை மீனாகத் துள்ளிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஒரு கருவியில் எதையோ தட்டினார். இன்னொருமுறை தட்டினார். துள்ளல் குறைந்தது. அப்புறம் இல்லை. நீ உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய், வேறு யாருடைய கையோ உன் மடிக்கு வந்துவிட்டதுபோல. பிறகு மெல்லச் சொன்னாய்: "ஹோல்டான்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குஜிலியம்பாறை வண்டியிலும் வத்தலக்குண்டு வண்டியிலும் வாழ்க்கை முழுக்க நான் கத்திய வார்த்தை அது. வண்டியை நிறுத்த ஹோல்டான், எடுக்க ரைட். கூட்டத்தில் விசில் கேட்காவிட்டால் வண்டியின் தகரத்தில் தட்டுவோம், ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ. கண்டக்டருக்கு வாக்கப்பட்ட பாவத்துக்கு உனக்கும் அந்தப் பாஷை ஒட்டிக்கொண்டது. சண்டையில் நான் குரல் உயர்த்தினால் "ஹோல்டான்" என்பாய், வண்டி நின்றுவிடும். அன்றைக்கு ஒரு வியாதியையே நிறுத்தினாய்.

வீட்டுக்கு வந்த சில வாரங்களில் வேறொன்று நடந்தது. காரணமே இல்லாமல் அழுதாய். சாம்பாருக்குப் பருப்பைக் கழுவும்போதும் அழுகை, டிவியில் விளம்பரம் ஓடும்போதும் அழுகை. திரும்ப மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா கரண்டின் அளவைக் கொஞ்சம் மாற்றினார். அழுகை அடுத்த நாளே விட்டுப்போனது. நீ யோசித்து யோசித்து, அடுத்தமுறை போனபோது அவரிடமே கேட்டாய்: "அப்ப எம் மனசுங்கிறது எம்புட்டு வோல்ட்டுங்க டாக்டர்?" அவர் சிரித்துவிட்டு மாத்திரைச் சீட்டை எழுதினார். அந்தக் கேள்வியை நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னோடு போட்ட சண்டை, பிடித்த பிடிவாதம், வைத்த பிரியம் எல்லாம் அந்த மண்டைக்குள் ஏதோ ஒரு கோடியில்தானே இருந்தது! அதன் பக்கத்தில் ஒரு மயிரிழை வயர் போய் உட்கார்ந்தும் நீ நீயாகவே இருந்தாய். எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

கை மட்டும் கொடுத்த வாக்கை மீறவில்லை. வருஷங்கள் ஓடின, நீ தைத்துக்கொண்டிருந்தாய். போனது குரல். முதலில் தணிந்தது, பிறகு வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கையை அடக்குகிற கரண்ட் பக்கத்திலிருக்கிற பேச்சையும் தொட்டுவிடுகிறது, வியாதியும் தன் பங்குக்கு வளர்கிறது என்றார் டாக்டரம்மா. கரண்டைக் குறைத்தால் பேச்சு தெளியும், கை ஆடும். கூட்டினால் கை நிற்கும், பேச்சு குழறும். இரண்டையும் தனித்தனியாகப் பதிந்து ரிமோட்டை உன்னிடமே கொடுத்தார். ஒன்றுக்குக் கைப்பக்கம் என்றும் மற்றதற்கு வாய்ப்பக்கம் என்றும் நீ பெயர் வைத்தாய்.

பகலெல்லாம் கைப்பக்கம். அந்த நேரத்தில் நீ பேசுவது ரஹ்மத் அக்காவுக்கே புரியாது, இன்ஜின் சத்தத்தில் காதைத் தொலைத்த எனக்கு எப்படிப் புரியும்? அதனால் மிஷின் பலகையில் தட்டுவாய். ஒரு தட்டு, "நில்லுங்க, வேலை இருக்கு." இரண்டு தட்டு, "போலாம்." சாயங்காலம் வாய்ப்பக்கம். கை ஆடத் தொடங்கும், டம்ளரை நான் பிடித்துக்கொள்வேன், தெருக்கதை முழுக்க வரும். எனக்குக் கேட்காவிட்டால், "என்னங்க, காத வத்தலக்குண்டு ஸ்டாண்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்பாய். "பொண்டாட்டி வாய மூட ரிமோட் வந்த மொத வீடு நம்ம வீடுதான்" என்றேன் ஒருநாள். "அந்த ரிமோட்டு எங்கிட்டல்ல இருக்கு!" என்றாய்.

ஒருமுறை பெட்டியை மாற்ற வேண்டியிருந்தது. பழையதை அணைத்த கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்துவிட்டது, விட்ட இடத்திலிருந்து இன்னும் பலமாக. நாம் போய்விட்டது என்று நினைத்திருந்த வியாதி எங்கும் போகவில்லை. இத்தனை வருஷமும் வாசலிலேயே நின்றிருக்கிறது, அந்தச் சின்ன கரண்ட் கதவைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரர் பார்க்கிறார் என்றுகூட நினைக்காமல் உன் புதுப் பெட்டியின் மேல் கையை வைத்துக் கும்பிட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் வாய்ப்பக்கத்தில் இருந்தபோது சொன்னாய்: "ஒரு நா எனக்கு மூச்சு முட்டும். கொழாய மாட்டி என்னைய நிறுத்தி வச்சிராதீங்க. இம்புட்டு கரண்டு போதும்." நான் காது கேட்காததுபோல டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

அந்த நாள் வந்தது. விழுங்குவது சிரமமாகி, சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்கி, சளி கட்டிக்கொண்டது. மதுரைவரை தாங்காது என்று இங்கே திண்டுக்கல்லிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வாய்ப்பக்கத்துக்கு மாற்றிப் பார்த்தேன், அதிலும் சத்தம் வரவில்லை. கைப்பக்கமே வைத்துவிட்டேன். டாக்டர் வந்து, "குழாய் போடணும். இல்லேன்னா ரொம்ப நேரம் தாங்காது. போட்டா எடுக்க முடியுமான்னு உறுதி சொல்ல முடியாது. என்ன செய்யலாம்ங்க?" என்று என் காதோரம் சத்தமாகக் கேட்டார். உன் பக்கம் குனிந்தேன். உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நீ என் உள்ளங்கையைத் தேடிப் பிடித்தாய். உன் விரலால் தட்டினாய். இரண்டு தட்டு.

கரண்ட் அடக்காத கையாக இருந்தால் அது நூறு தட்டாக விழுந்திருக்கும், நான் என்னத்தைக் கண்டேன். இரண்டு என்பது இரண்டாகவே வந்தது. நடுவில் ஒரு சின்ன இடைவெளிகூட விட்டாய், பழகின கண்டக்டர் மாதிரி. ஒரு தட்டுத் தட்டி நிறுத்தத்தான் என் விரல் எழுந்தது. ஆனால் நீ தெளிவாகச் சொல்லிவிட்டாய். டாக்டரிடம் வேண்டாம் என்றேன். உன்னிடம் "ரைட்" என்றேன்.

எல்லாம் முடிந்த பிறகு, தகனத்துக்கு முன்னால் பெட்டியை எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும் என்றார்கள். எடுப்பதற்கு முன் ரிமோட்டில் நானே அணைத்தேன். பழக்கத்தில் உன் கையைப் பார்த்தேன். ஆடவில்லை. கரண்ட் இல்லாமல் அத்தனை வருஷத்தில் முதல்முறையாக உன் கை சும்மா கிடந்தது. வாசலில் நின்ற வியாதியும் போயிருந்தது.

இப்போது கரண்ட் வந்துவிட்டது, மின்விசிறி சுற்றுகிறது. ரஹ்மத் அக்கா கேட்டை மூடிக்கொண்டு போகிறார். என் வலது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே நீ தட்டிய அந்த இடம் இருக்கிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் அங்கே இரண்டு தடவை தட்டிக்கொண்டுதான் படி இறங்குகிறேன்.