அவரவர் வீட்டு விருந்தாளி

ஜூன் 3, செவ்வாய்

தபால் நிலையத்தில் இன்று மின்விசிறி ஓடவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் எனக்கு எரிச்சல், அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் எரிச்சல். ஒருவர், தான் கட்டிய பார்சல் அவிழ்ந்ததற்கு என்னிடம் சண்டை போட்டார். நானும் விடவில்லை. கடைசியில் நானே கட்டிக் கொடுத்தேன்.

சாயங்காலம் இசை விழாக் குழுக் கூட்டம். வழக்கம்போல இவருடைய தம்பியின் இரும்புக்கடைப் பின்னறையில்தான். பெயின்ட் டின்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். கொழுந்தனார்தான் இத்தனை வருஷமும் விழாச் செயலாளர். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார்.

"என்னால இந்த வருஷம் முடியாதுங்க. முதுகு போயிடுச்சு. வேற யாராவது எடுத்து நடத்துங்க."

பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். சலூன்காரர் தன் நகத்தைப் பார்த்தார். தலைமை ஆசிரியை மட்டும், "சின்ன வயசுக்காரங்க யாராவது..." என்று இழுத்தார்.

"சின்ன வயசா? இங்க இருக்கிறதுல சின்னவங்க நம்ம அண்ணிதான்" என்று கொழுந்தனார் என்னைக் காட்டினார். எனக்கு ஐம்பத்து நாலு.

நான் எதிரே இருந்த டின்னைப் பார்த்தேன். 'நன்றாகக் குலுக்கிய பின் பயன்படுத்தவும்' என்று எழுதியிருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கை தூக்கவில்லை.

விழாவை நிறுத்துகிறோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் எழுந்துகொண்டோம், அவ்வளவுதான். ஷட்டரை இழுக்கும்போது கொழுந்தனார், "அவங்கவங்க வீட்டு ஆளுக்கு அவங்கவங்க சொல்லிடுங்க" என்றார்.

ஜூன் 4

அவரவர் வீட்டு ஆள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. இந்த ஊரில் லாட்ஜ் கிடையாது. முதல் வருஷம் வாசிக்க வந்தவர்களை எங்கே தங்கவைப்பது என்று தெரியாமல் ஆளுக்கொருவராக வீட்டுக்குக் கூட்டிப் போனோம். அதுவே நிலைத்துவிட்டது. புல்லாங்குழல்காரர் தலைமை ஆசிரியை வீட்டுக்கு, டிரம்ஸ்காரர் சலூன்காரர் வீட்டுக்கு, பாட்டுக்காரர் பல் டாக்டர் வீட்டுக்கு. விழா எப்போதும் செப்டம்பரில் ஒரே வாரம்தான். ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும் தேதி முடிவானதும் அந்தந்த வீட்டிலிருந்துதான் போன் போகும். குழுவிடம் அவர்களுடைய நம்பர்கூட இருக்காது.

எங்கள் வீட்டு மாடி அறை வயலின்காரிக்கு.

வந்த முதல் நாளே என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு போட மறந்துட்டியா, இல்ல வீட்ல யாருக்காவது பிரஷரா?" என்று கேட்டவள். அன்றைக்குப் பிடித்தது எங்கள் சிநேகிதம். செப்டம்பரில் நாலு நாள். கச்சேரி முடிந்து வந்தால் மாடியில் ஆளுக்கொரு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவோம். வருஷத்தில் அந்த நாலு நாள்தான் நான் பேசுகிறேன். மற்ற நாளெல்லாம் பதில் சொல்கிறேன்.

அவளிடம் நான் எப்படிச் சொல்வது?

ஜூன் 11

போன் பண்ணவில்லை.

ஜூன் 22

ஞாயிறு. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். மகள் கூப்பிட்டுவிட்டாள். அவள் வேலை, அவள் மேனேஜர், அவள் தலைவலி. கடைசியில் "நீ எப்படிம்மா இருக்க?" என்றாள். "இருக்கேன்" என்றேன். அதற்குள் அவளுக்கு வேறு போன் வந்துவிட்டது.

இவர் வண்டியை விட்டுவிட்டு வந்து படுத்திருந்தார். ரயில்வே ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவே பஸ் ஓட்டி ஓட்டி, வீட்டிலும் இவர் தூங்கும்போது வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். எழுந்ததும், "மேல ரூம் சும்மாதான கெடக்கப் போகுது, நான் அங்க படுத்துக்கவா? காத்து வரும்" என்றார்.

நியாயமான கேள்விதான். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. "அது அவ ரூம்" என்றேன். இவர் டீ கேட்டார்.

ஜூலை 8

சலூன்காரர் ரெஜிஸ்டர் தபால் அனுப்ப வந்தார். மெதுவாகக் கேட்டேன். "உங்க ஆள்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"அப்பவே சொல்லிட்டேனே. பாவம், மனுஷன் ரொம்ப வருத்தப்பட்டாரு. நீங்க?"

"நானும் சொல்லிட்டேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் சில்லறையைக்கூடச் சரிபார்க்காமல் போய்விட்டார்.

மாலை தலைமை ஆசிரியையைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். அவர் மறுநாளே சொல்லிவிட்டாராம். பல் டாக்டரும் சொல்லியாயிற்றாம்.

ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சொல்லாதவள் நான் ஒருத்திதான். அவர்களுக்கு இருக்கிற துணிச்சல்கூட எனக்கு இல்லையே. அவள் வேறு யார் மூலமாவது கேள்விப்பட்டால் என்னை என்ன நினைப்பாள்!

ஜூலை 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அடுப்படியில் நின்று இரண்டு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு பேசினேன். "இந்த வருஷம் விழா இல்லடி. இனிமேலும் இருக்காது போல."

"ஓ" என்றாள்.

அவள் பூனை கத்துவது கேட்டது. பிறகு, "சரி விடு. எனக்கும் தோள்பட்டை வலிதான். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன்" என்றாள். இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நான் அவளுடைய பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வைத்துவிட்டோம்.

விழா இல்லாவிட்டால் என்ன, சும்மா வா என்று சொல்லியிருக்கலாமே? நாக்கு நுனி வரைக்கும் வந்தது, வெளியேதான் வரவில்லை. இத்தனை வருஷமும் அவள் வந்தது வாசிக்க. தங்கியது என் வீட்டில். விழா இல்லேன்னா நான் அவளுக்கு யாரு? ஒரு போஸ்ட் ஆபீஸ்காரி, சமையலுக்கு உப்பு போடத் தெரியாதவ. அவளும்தான் கேட்கல. வரட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?

தலை வலிக்கிறது.

ஆகஸ்ட் 17

விழா நடக்கும் மண்டபத்தை டயர் கடைக்காரர் கோடவுனாக எடுத்திருக்கிறார். போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். மேடை மேலேயும் டயர்தான். ரப்பர் வாசனை தெரு முனை வரைக்கும் வருகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. சிரிப்பதா அழுவதா என்றும் தெரியவில்லை.

மதியம் கவுண்டரில் இருந்தேன். இவர் சீருடையோடு உள்ளே வந்து நின்றார். வேலை நேரத்தில் இவர் அங்கே வந்ததே இல்லை. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தேன்.

"ஸ்டேஷன்லேர்ந்து யாரை ஏத்திட்டு வந்திருக்கேன் தெரியுமா? புல்லாங்குழல், டிரம்ஸ், பாட்டு, எல்லாரும் வந்திருக்காங்க. சாமானோட."

"விழா இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பஸ் ஓட்டுறப்ப எப்படிச் சொல்றது? அதுவும் அத்தனை சிரிச்ச முகமா ஏறினாங்க."

கவுண்டரைப் பூட்டிவிட்டு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் டிரம்ஸ் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அதற்குள் சலூன்காரர் பாதி சவரம் செய்த ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்து நின்றார். தலைமை ஆசிரியை வந்தார். பல் டாக்டர் முகமூடியைக் கழற்றாமலே வந்தார். வந்த வேகத்தில் மறந்தாரா, வேண்டுமென்றேதானா, அவருக்கே வெளிச்சம்.

யாருமே சொல்லவில்லை. ஒருத்தர்கூட!

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். "நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... நாள் போயிடுச்சுங்க." தலைமை ஆசிரியையோ போனே போட்டிருக்கிறார். "அவர் குரலைக் கேட்டதும் எனக்கு வரல. தேதியைச் சொல்லிட்டு வச்சுட்டேன்" என்றார். பல் டாக்டர் முகமூடிக்குள் ஏதோ சொன்னார்.

புல்லாங்குழல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வயலின் எங்க? அடுத்த வண்டியா?"

"அவளுக்கு நான் சொல்லிட்டேன்" என்றேன். "ஜூலையிலேயே."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ குற்றம் பண்ணியவளைப் பார்ப்பதுபோல. பொய் சொன்னவங்க அத்தனை பேரும் என்னைப் பாக்குறாங்க! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டிரம்ஸ் பெட்டியை எட்டி உதைத்திருப்பேன். உதைத்தால் என் கால்தான் வீங்கும்.

செப்டம்பர் 13

சலூன்காரரின் மகன் கல்யாணமாகி, அவர்கள் வீட்டு விருந்தாளி அறையில் இருக்கிறான். அதனால் டிரம்ஸ்காரரை எங்கள் மாடி அறையில் தங்கவைத்தோம். "காலியாத்தானே இருக்கு அண்ணி" என்று கொழுந்தனார் சொன்னபோது மறுக்க முடியவில்லை. தலையணை தாழ்வாக இருக்கிறதாம் அவருக்கு. அது அவளுக்குப் பிடித்த தலையணை. கழுத்து வலிக்காது என்பாள்.

மண்டபம் டயருக்குப் போய்விட்டதால் சலூனில் வாசித்தார்கள். மூன்று நாற்காலியிலும் மூன்று பேர், முன்னால் கண்ணாடி. நாங்கள் தெருவில் நின்று அவர்கள் முதுகையும் கண்ணாடியில் முகத்தையும் பார்த்தோம். போன வருஷம் மண்டபத்தில் இருந்ததைவிடக் கூட்டம் கொஞ்சம் அதிகம்தான். பக்கத்துக் கடையில் டீக்குக் காத்திருந்தவர்களும் அதில் சேர்த்தி.

ஓர் இடத்தில் புல்லாங்குழல்காரர் நிறுத்திவிட்டு இடது பக்கம் பார்த்தார். அங்கே வயலின் பதில் சொல்லும். இத்தனை வருஷப் பழக்கம். அந்தப் பக்கம் துண்டு காயும் கொடிதான் இருந்தது. கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவரே மேலே வாசித்துப் போனார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே தேய்த்தேன்.

செப்டம்பர் 14

காலையில் அவள் போன். டிரம்ஸ்காரர் சொல்லியிருக்கிறார்.

"எல்லாரும் வந்திருக்காங்களாமே?"

"ஆமா. யாரும் சொல்லலையாம்."

"எனக்கு மட்டும் ஏன் சொன்ன?"

"உண்மையைச் சொன்னேன்."

"உன்கிட்ட யாரு உண்மை கேட்டா?" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை. "வருஷம் பூரா காத்திருந்து வர்ற நாலு நாளு. நீயா கூப்பிடுவேன்னு பார்த்தேன். நீ ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டுற மாதிரி சொல்லிட்டு, பூனை எப்படி இருக்குன்னு கேக்குற! பூனையா முக்கியம்?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அவளும் காத்திருந்தாளா?

செப்டம்பர் 16

மூன்று பேரும் காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். ஏறும்போது கொழுந்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இனிமே விழா கிடையாதுங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றார். நல்லவேளை, யாராவது ஒருவர் சொன்னாரே.

டிரம்ஸ்காரர் கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டுச் சொன்னார்: "போன வருஷம் காலி நாற்காலிங்களைப் பார்த்தப்பவே தெரியுங்க. யாரும் வர வேணாம்னு சொல்லலையேன்னு வந்தோம்."

இவர் வண்டியை எடுத்தார். நாங்கள் எல்லோரும் அங்கேயே நின்றோம். பிறகு கடை திறக்க நேரமாகிவிட்டது.

டிசம்பர் 9

மாடி அறையில் இவர் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார். காய்ந்ததும் நானே மடித்து வைக்கிறேன்.

மார்ச் 1

அவள் தோள்பட்டைக்கு ஊசி போட்டுக்கொண்டாளாம். ஒரு வரி செய்தி அனுப்பியிருந்தாள். 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தேன். இதுவும் நோட்டீஸ்தான்.

ஜூன் 7, ஞாயிறு

போன வருஷம் இதே நாட்களில்தான் பெயின்ட் டின்னில் உட்கார்ந்திருந்தோம். இந்த வருஷம் யாரும் கூட்டம் என்ற பேச்சைக்கூட எடுக்கவில்லை. கொழுந்தனார் கடையில் ஆணி வாங்கப் போனேன், ஆணியைப் பற்றி மட்டும் பேசினோம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவளுக்குப் போன் பண்ணினேன். ஒத்திகை பார்க்கவில்லை.

"விழாவுக்குத் தேதி வச்சாச்சு" என்றேன். "செப்டம்பர்ல, அதே வாரம்."

ஊஞ்சலில் படித்துக்கொண்டிருந்த இவர் பேப்பரைக் கீழே இறக்கினார்.

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "யாரு நடத்துறா?" என்றாள்.

"நாங்கதான்."

"எங்க? மண்டபத்துல டயர் அடுக்கியிருக்கிறதா சொன்னாங்களே?"

"எல்லாம் எடுத்தாச்சு."

நேற்றுத்தான் இன்னொரு லாரி நிறைய டயர் வந்து இறங்கியது. இவரே பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார்.

"யார் யார் வராங்க?"

"இப்போதைக்கு நீதான்."

அவள் சிரிக்கிறாளா மூக்கை உறிஞ்சுகிறாளா என்று தெரியவில்லை. "சரி. வயலின் எடுத்துட்டு வரணுமா?" என்றாள்.

"விழான்னா வேண்டாமா?"

"வரேன்" என்றாள். "சாப்பாட்டுல உப்பு போடு."

போனை வைத்துவிட்டு, இவரை மாடிக்குப் போய்க் கொடியை அவிழ்க்கச் சொன்னேன். மெத்தையை எப்போது வெயிலில் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இவர் இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளைக்கு?"

"விழா முடியற வரைக்கும்" என்றேன்.