புனித மரீனா தங்கும் வீடு

சிஃப்னோஸ் தீவு
12 ஜூலை 1979

அன்புள்ள ஸ்தமாதிஸ்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தொலைபேசியில் பேசலாம் என்றால், உன் பெட்டிக்கடையில் சிகரெட் வாங்க நிற்கிற அத்தனை பேரும் காது கொடுத்துக் கேட்பார்கள். அதனால்தான் கடிதம். கப்பல்காரர் உன் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. பிரேயஸ் துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவள், எனக்குக் கடலைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்தால், என் கால் நகத்தில் பாதி உரிந்த சாயம் தெரிகிறது! எண்ணெய் மிதக்கும் நம் கடலும் இதுவும் ஒரே கடலாம். மதியம் முழுக்க அப்படியே நின்றுவிட்டேன். நான் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மார்கரோ கரையிலிருந்து கத்தினாள்: "ஏம்மா, கடலையே பாக்காதவ மாதிரி நிக்கிற? மீனெல்லாம் உங்கிட்ட வாடகை கேக்கப் போகுது!"

"பாத்திருக்கேன். இப்படிப் பாத்ததில்ல" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து நீயும் "அடுத்த கோடையில் போகலாம்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாய். குறை சொல்லவில்லை. ஒரு வாரம்தானே, வியாழக்கிழமைக் கப்பலில் வந்துவிடுவேன். குளிர்பெட்டியில் சோறு அடைத்த தக்காளி இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

உன்
எவான்தியா


பிரேயஸ்
14 ஜூலை

எவான்தியாவுக்கு,

நீ சுகமாக இருப்பதில் சந்தோஷம். நான் சுகமாக இல்லை. தக்காளி முதல் நாளே தீர்ந்துவிட்டது. முட்டை பொரிக்கப் போய்ச் சட்டி கருகிவிட்டது. விடியற்காலையில் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்க நீ இல்லாமல், விளையாட்டுப் பத்திரிகை கேட்ட கிழவரிடம் பெண்கள் பத்திரிகையை நீட்டிவிட்டேன். அவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சுமைதூக்கும் யோர்தானிஸ் தினமும் வந்து வாயைக் கிளறுகிறான். "என்ன மாப்ளே, பொண்டாட்டிய நீ கப்பல் ஏத்துனியா, இல்ல அவ உன்னைக் கழட்டி விட்டாளா?" என்கிறான். "போடா, வேலையப் பாரு" என்று துரத்தினேன்.

தண்ணீர் என்றால் தண்ணீர்தான், எவான்தியா. நம் வீட்டுக் குழாயிலும்தான் வருகிறது. வியாழக்கிழமை துறையில் நிற்பேன். வீடு ஒரு மாதிரியாக இருக்கிறது.

ஸ்தமாதிஸ்


சிஃப்னோஸ்
17 ஜூலை

அன்புள்ள ஸ்தமாதிஸ்,

முதலில் உட்கார்ந்துகொள். பிறகு படி.

நேற்று மாலை புனித மரீனாவின் திருவிழாவுக்கு மார்கரோ என்னை இழுத்துக்கொண்டு போனாள். கோயில் ஒரு பாறை முனையில் இருக்கிறது, நம் கடையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். சூரியன் இறங்கும் நேரத்தில் புனிதையின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே நடந்தது. கீழே கடல் முழுக்கச் சிவப்பு. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எதற்கு என்று கேட்காதே.

பூசை முடிந்து எல்லோருக்கும் நீண்ட மேசைகளில் கொண்டைக்கடலைச் சூப்பும் ஆட்டுக்கறியும். யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. போன வருடம் படத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனவர்தான் அந்தச் செலவையும் சமையலையும் ஏற்க வேண்டும். அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, அடுத்த திருவிழாவரை வீட்டில் வைத்து விளக்கேற்ற வேண்டும்.

பாதிரியார் லெஃப்தேரிஸ் எழுந்து கேட்டார்: "இந்த வருஷம் யாரு வீட்டுக்கு வராங்க நம்ம தாயி?"

வழக்கமாக எடுப்பவருக்கு வீட்டில் துக்கமாம், வரவில்லை. மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாய் கேட்பாரற்று நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. பார்த்தால், என் கை மேலே இருக்கிறது.

"இந்தம்மா ஒரு வாரத்துக்கு வந்த விருந்தாளி ஆச்சே!" என்றார் ஒருவர்.

"நம்ம தாயோட படமும் ஒரு காலத்துல கடல்ல மிதந்து வந்து இங்க கரை ஒதுங்கினதுதான். அவகிட்ட யாரும் ஊர் கேக்கல" என்றார் பாதிரியார். சிரிப்பு எழுந்தது. படம் என் கைக்கு வந்துவிட்டது. ஸ்தமாதிஸ், அது எவ்வளவு கனம் தெரியுமா!

படம் தீவை விட்டு வெளியே போகக் கூடாது. விளக்கு அணையக் கூடாது. படம் இருக்கிற வீட்டின் கதவை யாருக்கும் சாத்தக் கூடாது என்கிறாள் மார்கரோ. யார், எப்போது வந்து மெழுகுவர்த்தி ஏற்றினாலும் உள்ளே விட வேண்டும். கடற்கரையில் அவளுடைய சின்ன வீடு ஒன்று காலியாக இருக்கிறது, தருகிறேன் என்றாள். நான் ஊர்க்காரர்களுக்குத் தைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன்.

ஆக, வியாழக்கிழமை நான் வரவில்லை. உன்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்தால் சண்டை போடவாவது வந்திருப்பேன். நான் போய்விட்டேனா, இங்கேயே இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் கை தூக்கியதற்கு வருத்தப்படவில்லை.

எவான்தியா


பிரேயஸ்
19 ஜூலை

எவான்தியா,

உனக்குப் பைத்தியமா? குளிக்கப் போன இடத்தில் சேற்றைப் பூசிக்கொண்டு நிற்கிறாயே! ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனவள், ஒரு வருடம் என்று எழுதுகிறாய். துறையில் நின்று யோர்தானிஸுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை கடையை அவனிடம் விட்டுவிட்டு வருகிறேன். உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். புனிதையிடம் நானே பேசிக்கொள்கிறேன். பெட்டியைக் கட்டி வை.

ஸ்தமாதிஸ்


பிரேயஸ்
23 ஜூலை

என் எவான்தியா,

உன் மேசைமேல் இருக்கும் பூசணி விதைப் பொட்டலம் நம் கடையிலிருந்து கொறிக்கக் கொண்டுவந்து நான் வைத்தது. புனிதை வைத்தது என்று ஊரெல்லாம் சொல்லிவிடாதே.

நேற்று வந்தேன். கப்பலில் வரும் வழியெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். இறங்கி, மார்கரோ பெயரைச் சொல்லி வழி கேட்டு வந்தால், நீ எழுதிய மாதிரியே கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேசிக்கொள்கிறேன் என்று எழுதினேனே, அந்தப் படத்தின் முன்னால் நின்றதும் வாய் திறக்கவில்லை. பயமாகக்கூட இருந்தது. ஒரு மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றினேன்.

அப்புறம் ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். கடலில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாய். மார்கரோ ஏதோ சொன்னாள், நீ வாய்விட்டுச் சிரித்தாய், தண்ணீர் வாய்க்குள் போய் இருமினாய், மறுபடியும் சிரித்தாய். அடியில் உன் நிழல் மணலில் ஆடியது. கண்ணாடிமேல் படுத்திருக்கிற மாதிரி இருந்தாய். இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன், இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. கூப்பிட்டால் நீ எழுந்து வந்துவிடுவாய் என்றுதான் கூப்பிடவில்லை.

மாலைக் கப்பலில் திரும்பினேன். மேல்தளத்தில் நின்றுகொண்டே வந்தேன். நட்சத்திரங்கள் அவ்வளவு இருக்கும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. நீ சொல்லியிருப்பாய், நான் கேட்டிருக்க மாட்டேன். நம் கடையின் ஜன்னல் தெருவைப் பார்த்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, கடலுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் சிகரெட் விற்றிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறும் வருகிறேன். கூட்டிப்போக இல்லை. கொண்டைக்கடலை ஊரே சாப்பிடும் அளவுக்கு எப்படி வேகவைப்பது என்று நானும் கற்றுக்கொள்ள வேண்டாமா?

அந்தக் கதவை யாருக்கும் சாத்தக் கூடாது என்று தெரியும். நேற்றுகூட எனக்குத் திறந்துதான் இருந்தது. ஆனாலும் வாசலிலேயே நிற்பேன். நீ "வா" என்று சொன்னால் உள்ளே வருகிறேன்.

ஸ்தமாதிஸ்