பெரியவனுக்குக் கொடுத்த மருந்து

ஜூன் 5

செல்லத் தங்கைக்கு,

உன் வாயாடி மகளுக்குத் தொண்டைச் சதை ஆபரேஷன் என்று படித்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். என் மகன் போன வருடம் அதைத் தாண்டி வந்தவன்தானே. அவனுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளோடு, மீந்த வலி மருந்தையும் அனுப்பியிருக்கிறேன். ஒரு மூடிக்கு அவனுக்கு வலி கேட்கவே இல்லை. இரண்டு மூடிக்குத்தான் முனகலாவது குறைந்தது. தயங்காமல் கொடு. பிள்ளை துடிக்கும்போது பிரார்த்தனை மட்டும் செய்துகொண்டு உட்காராதே.

உன் அக்கா

ஜூன் 12, ஆஸ்பத்திரி

அக்கா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தோம். டாக்டரம்மா கொடுத்த மருந்தில் அழுகை அடங்கவில்லை. உன்னுடையதில் ஒரே மூடி கொடுத்தேன். தூங்கினாள். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தேன். குறட்டை விட்டு விட்டு வந்தது. அப்புறம் வரவே இல்லை. உதடு நீலம். உலுக்கினேன், கண் திறக்கவில்லை.

மறுபடி இங்கே தூக்கிக்கொண்டு ஓடிவந்தோம்; முறிவு மருந்து போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. இன்னும் குழாயோடு கிடக்கிறாள்.

“உங்க அக்கா பையன் உடம்பு அந்த மருந்தை மெதுவா மாத்துது, அதான் அவனுக்கு வலி கேட்கலை. இவ கல்லீரல் அதைச் சட்டுனு மார்ஃபினா, கடுமையான மயக்க மருந்தா மாத்திடுதும்மா. கொஞ்சம் கொடுத்தாலும் மூச்சை அமுக்கிடும். இது என்ன சட்டையா, அவனுக்குப் பத்தலைன்னா இவளுக்குப் போட?” என்றார் டாக்டரம்மா.

உன் பேச்சை எடுத்தாலே என் வீட்டுக்காரர் பல்லைக் கடிக்கிறார்.

தங்கை

ஜூன் 15

தங்கம்,

எமனையா நான் பொட்டலம் கட்டி அனுப்பினேன்? சோறு இறங்கவில்லை. என் மகன் “பாப்பா எழுந்தாளா?” என்று கேட்டுக்கொண்டே சுற்றுகிறான். நான் வரட்டுமா? வராதே என்றால் வரமாட்டேன். ஒரு வரி போடு.

அக்கா

ஜூன் 20

அக்கா,

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஐஸ்கிரீம் கேட்டு என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். ஆபத்து தாண்டிவிட்டது என்கிறார் டாக்டரம்மா. என் மனசுதான் நம்ப மறுக்கிறது. அவள் கண் மூடினால் மூக்குக்குக் கீழே என் புறங்கை போய்விடுகிறது. “கையை எடும்மா, கூசுது” என்று திட்டுகிறாள். பிரார்த்தனையில்கூட என்னால் கண்ணை மூட முடியவில்லை. “நான் பாத்துக்கறேன், நீ படு” என்கிறார் இவர். இடி விழுந்தாலும் எழாத மனுஷர்!

உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் வா. நீ அவள் பக்கத்தில் விழித்திருந்தால் நான் தூங்குவேன்.

தங்கை