சம்பந்திக்கு ஒரு ரிசீவர்

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகளும் நலம். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மீதியை நீங்கள் நிம்மதியாகப் படிப்பீர்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், பாதி புரியாமலே வைத்துவிடுகிறோம். கடிதம் என்றால் ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் தொடங்க முடியும்.

விஷயம் இதுதான். எங்கள் ஹோம் தியேட்டரில் ஸ்பீக்கர்களுக்கெல்லாம் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அந்த ரிசீவர், கிழடாகிவிட்டது. பாட்டு, சண்டை, இடி எல்லாம் கூரையைப் பிய்க்கிறது. ஆள் வாயைத் திறந்தால் மட்டும் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. அடுத்த மாதம் ஒரு வெளிநாட்டுத் தொடருக்கு டப்பிங் தொடங்குகிறது. அதில் கதாநாயகியின் தாய்க்கு நான்தான் குரல். மூலத்தை வீட்டில் போட்டுக் கேட்டு, அந்த அம்மாள் எங்கே மூச்சு விடுகிறாள், எங்கே எச்சில் விழுங்குகிறாள் என்று மனதில் வாங்கிக்கொண்டுதான் ஸ்டுடியோவுக்குப் போவேன். அப்படித்தான் இத்தனை காலம் பேர் வாங்கியிருக்கிறேன். என் இடத்தைப் பிடிக்க வாசலில் சின்னப் பெண்கள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். இந்தத் தொடரில் சறுக்கினால் அடுத்தது எனக்கு வராது.

உங்கள் மகளையும் கேட்டேன். "ஆமாம் அத்தை, எனக்கும் சரியா கேக்கலை" என்றாள். இரண்டு பேருக்கும் கேட்கவில்லை என்றால் அது பெட்டியின் குறைதானே? நீங்கள் டிவி, ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும்போது நான் வேறு இடத்தில் வாங்கினால் நன்றாகவா இருக்கும்? எந்தக் கம்பெனி நல்லது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மகள் தங்கமான பெண். ஆனால் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறாள். டீ வேண்டுமா என்று கேட்பதற்கும் நேரே முகத்துக்கு முன்னால் வந்து நின்று உரக்கக் கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரம்மா என்னிடம், "வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று விசாரித்துவிட்டாள். நான் என்ன சொல்வேன்?

அன்புடன்,
பையனின் அம்மா

மார்ச் 10

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் கூட்டம் இருந்தும் கல்லாவுக்குப் பின்னால் நின்றே படித்துவிட்டேன்.

ரிசீவர் பார்ப்பதும் வரன் பார்ப்பதும் ஒன்றுதான். வாட்ஸ் எவ்வளவு என்று அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஐந்து ஸ்பீக்கரும் சேர்ந்து பாடும்போது கிடைக்கும் வாட்ஸா, இரண்டு மட்டும் பாடும்போது கிடைப்பதா என்று விசாரிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சம்பளம் சொல்வதைப் போலத்தான். உங்களைச் சொல்லவில்லை!

என் கடையில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன். சோனி அடக்கமான பையன். ரிமோட்டைக் கையில் எடுத்ததுமே பழகிவிடுவான். ஒன்கியோ கட்டுமஸ்தான ஆள். சண்டைப் படப் பிரியர்கள் அவனைத்தான் கேட்டு வருகிறார்கள். டெனான் பொறுமைசாலி. திரையில் ஒவ்வொரு படியாகக் கேட்டுக் கேட்டு, ஒரு மைக்கை வைத்து உங்கள் அறையை அளந்துகொள்வான். யமஹா வாத்தியம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. பேச்சை மட்டும் தனியாக உயர்த்த அவனிடம் ஒரு வசதி உண்டு. உங்கள் தொழிலுக்கு என் வாக்கு யமஹாவுக்கு. கடையில் டெமோவுக்கு வைத்திருந்ததையே பார்சலில் அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள், முறுக்கிக்கொண்டு போக மாட்டான்.

என் மகள் சத்தமாகப் பேசுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மூன்று முறை படித்தேன். பள்ளிக்கூடத்தில் அவள் வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொன்னால் டீச்சருக்குக் கேட்காது. வந்த பெண்ணுக்கு ஆப்சென்ட் போட்டு, நான் போய் முறையிட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வந்து தைரியம் வந்துவிட்டது போலிருக்கிறது. நல்லதுதான். இருந்தாலும் அவளிடம் சொல்லிவைக்கிறேன்.

வணக்கத்துடன்,
பெண்ணின் அம்மா

மார்ச் 21

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

யமஹா பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் மாப்பிள்ளை வயர்களோடு மல்லுக்கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்தான். பார்க்க லட்சணமாக இருக்கிறது. இசை தேன். ஆனால் வசனம்? பேச்சை உயர்த்தும் வசதியைக் கடைசிவரை உயர்த்திவிட்டேன். இப்போது பஞ்சு அடைத்த வாய் பக்கத்தில் வந்து பேசுகிறது, அவ்வளவுதான். வலப்பக்கத்து ஸ்பீக்கர் வேறு மந்தமாக இருக்கிறது. உங்கள் மகளிடம் கேட்டேன். "ஆமாம் அத்தை, வலது பக்கம் கொஞ்சம் கம்மிதான்" என்றாள். பையன் கையிலிருந்த வயரைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். தான் மாட்டியதைக் குறை சொன்னால் ஆண்பிள்ளைகளுக்குப் பொறுக்காது.

ஸ்டுடியோவிலும் இதே தலைவலி. பழைய தொடர் ஒன்றின் மீதியை முடித்துக்கொடுக்கப் போயிருந்தேன். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பப் பேசவைத்தார்கள். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டுகிறார், எனக்கு எதுவும் விளங்கவில்லை. அந்த இடத்திலும் எல்லாக் கருவிகளையும் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. வெளியே வந்தபோது தயாரிப்பாளரம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாகப் பேசியவளை யாரும் தட்டிக்கொடுப்பதில்லை.

பயமாக இருக்கிறது சம்பந்தியம்மா. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. டெனானை அனுப்பிப் பாருங்கள்.

அன்புடன்,
பையனின் அம்மா

மார்ச் 29

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

டெனான் கிளம்பிவிட்டது. உள்ளே ஒரு மைக் இருக்கும். அதை நிற்கவைக்க, அட்டையை மடித்துச் செய்யும் சின்ன கோபுரமும் இருக்கும். நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், உங்கள் காது இருக்கும் உயரத்தில் மைக்கை வையுங்கள். டிவி சொல்கிறபடி செய்தால் ஐந்து ஸ்பீக்கரும் அந்த இடத்தில் ஒரே அளவாகக் கேட்கும்படி அதுவே சரிசெய்துகொள்ளும்.

அது முடிந்ததும் நான் சொல்கிற ஒரு சோதனையைச் செய்ய வேண்டும். டெஸ்ட் டோன் என்று ஒன்று வரும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் மாறி மாறி "ஸ்ஸ்" என்று ஒலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வலப்பக்கம் மந்தமாக இருந்தால், எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மறுபடியும் கேளுங்கள். அப்போதும் அதே ஸ்பீக்கர் மந்தமாக இருந்தால் ஸ்பீக்கரிலோ வயரிலோ கோளாறு. நானே வந்து மாற்றித் தருகிறேன். அப்படி இல்லாமல் வேறு ஸ்பீக்கர் மந்தமாகிவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

இதை வீட்டில் யாரும் இல்லாதபோது செய்யுங்கள். முக்கியமாக என் மகளிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டாம்.

பெண்ணைக் கொடுத்தவள் சொல்லக் கூடாதவை சில உண்டு. பெட்டி விற்கிறவள் சொல்லலாம் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் அதைக் கடைக்காரியின் மேல் காட்டுங்கள், என் மகளின் மேல் வேண்டாம்.

வணக்கத்துடன்,
பெண்ணின் அம்மா

ஏப்ரல் 6

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். வலது ஸ்பீக்கர் மந்தம். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். இடது ஸ்பீக்கர் மந்தம். குறை என்னோடு சேர்ந்து திரும்பிவிட்டது.

நம்பாமல் இன்னும் இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். பிறகு நாற்காலியைத் திருப்பத் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் மகனுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மகள் தினமும் என் முகத்தைப் பார்த்து, "ஆமாம் அத்தை, எனக்கும் கேக்கலை" என்று சொல்லியிருக்கிறாள். நான் பைத்தியக்காரி மாதிரி பெட்டி பெட்டியாக வரவழைத்துக்கொண்டிருக்க, எல்லோரும் எனக்குத் தலையாட்டியிருக்கிறீர்கள். காது போனது ஒரு பக்கம். இத்தனை பேர் சேர்ந்து எனக்கு நாடகம் போட்டது அதைவிட வலிக்கிறது. நடிப்பு என் தொழில், உங்கள் தொழில் இல்லை.

உங்கள் மகளோடு நான் பேசுவதில்லை. இரண்டு பெட்டிகளையும் அனுப்பிவைக்கிறேன். இனி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பையனின் அம்மா

ஏப்ரல் 11

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

பெட்டிகள் வந்தால் வாங்க மாட்டேன் என்று பார்சல்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

திட்டியது சரி. ஆனால் எனக்கு முன்பே தெரியும் என்பது சரியில்லை. அவள் உரக்கப் பேசுகிறாள் என்று நீங்கள் எழுதியபோது மனதில் ஏதோ உறுத்தியது. வலப்பக்கம் மந்தம் என்று எழுதியதும் அவளைப் போனில் பிடித்து உலுக்கினேன். அழுதாள். "அத்தைக்கு வேலைதான்மா உயிரு. அது போயிடுச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்வேன்? சொன்னா அவங்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதுதானே ஞாபகம் வரும்?" என்றாள். "நீ நல்ல பேர் வாங்குறதுக்கு அவங்க ஏமாறணுமாடி?" என்று கேட்டேன். பெற்றவளுக்குக்கூட இவ்வளவு கோபம் வருமா என்று எனக்கே ஆச்சரியம்.

அவள் செய்தது தப்பு. நான் சப்பைக்கட்டுக் கட்ட மாட்டேன். ஆனால் தொண்டையே இல்லாத பெண் உங்களுக்காக மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறாள். "சத்தக்காரி" என்ற பேரையும் வாங்கிக்கொண்டாள், காரணத்தைச் சொல்லவில்லை. அதையும் கொஞ்சம் கணக்கில் வையுங்கள்.

என் மகள் வாழ வேண்டிய வீட்டுக்கு நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள் என்று எழுதியதை இரண்டு முறை கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வந்து, இரண்டு வாடிக்கையாளர்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். எழுதாமல் இருந்திருந்தால் அடுத்து சோனி வந்திருக்கும், அதற்கடுத்து ஒன்கியோ. நீங்களோ ஸ்டுடியோவில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் வேலையை இழந்திருப்பீர்கள். அதைவிட நீங்கள் என்னோடு பேசாமல் இருப்பது மேல்.

காதை ஒருமுறை காட்டிவிடுங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி.

பெண்ணின் அம்மா

மே 19

என் அன்புச் சம்பந்திக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நல்ல சேதி வரட்டும் என்று காத்திருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தேன். "இனிமே எனக்காக ஒரு பொய் சொன்னே, அத்தைன்னு கூப்பிடக் கூடாது" என்றேன். தலையாட்டினாள். "தலையாட்டாதே, வாயைத் திறந்து சொல்லு" என்றேன். "சரி அத்தை. அப்ப முதல்ல காதைக் காட்டுங்க" என்றாள். அவளே எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

காது பார்க்கும் பெண் என் தொழிலைக் கேட்டதுமே சிரித்துவிட்டாள். டப்பிங்கில் ஹெட்போனை ஒரு காதில்தான் வைப்போம். மூலம் அதில் கேட்கும், நம் குரல் திறந்த காதில் கேட்கும். எனக்கு என்றைக்கும் வலது காதுதான். ஊரான் ஊரான் வசனமெல்லாம் அந்த ஒரு காதில் கொட்டிக்கொட்டி அது களைத்துவிட்டதாம். ஒரு கருவி கொடுத்தாள். மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், ஐயோ, என் புடவையே சரசரக்கிறது!

ஸ்டுடியோவில் நானே சொன்னேன். வேறு யாராவது சொல்லி அவர்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க ஹெட்போனுக்கு மட்டும் நான் கூட்டிக் கூட்டி வச்சிட்டு இருந்தேன்மா" என்றார். அவரும் ஒரு தலையாட்டி! தயாரிப்பாளரம்மா, "முதல் வாரம் பேசிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். தோளைத் தட்டவில்லை. அதுவே எனக்குப் பாதி பலம்.

ரிசீவர் விஷயம். எனக்கு டெனான்தான் பிடித்திருக்கிறது. "இல்லை அத்தை, யமஹாதான் நல்லா இருக்கு" என்கிறாள் உங்கள் மகள். முதல்முறையாக எதிர்த்துப் பேசுகிறாள், அதுவும் எவ்வளவு மெல்லிய குரலில்! இந்தக் குரலை நான் இதுவரை கேட்டதே இல்லை. வாக்குவாதம் மூன்று நாள் நடந்தது. யமஹா இங்கேயே இருக்கிறது, டெனானை அனுப்புகிறேன். அதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் மகளை வழியனுப்பும் தாயின் அழுகை ஒன்று. பேசி முடித்து, அதன் பிரதியை வீட்டில் உங்கள் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்தவள் கையைப் பிசைந்தாள். "சொல்லு" என்றேன். "அத்தை, இது அழுகை இல்ல. அழற மாதிரி பேசறீங்க" என்றாள். சுருக்கென்று இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டேன். பிறகு மூலத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்த அம்மாள் அழவே இல்லை. அழுகையை விழுங்கிவிட்டு, பெட்டியில் துணி சரியாக மடித்து வைத்தாயா என்று கேட்கிறாள். எனக்கு அது கேட்காமல் போயிருந்தது. மறுநாள் நானே போய், மறுபடியும் பேசுகிறேன் என்று கேட்டுப் பேசினேன்.

தொடர் முழுவதும் எனக்குத்தான் என்று நேற்று சொல்லிவிட்டார்கள். நேற்று மாலை, மறுபடியும் பேசிய அந்தக் காட்சியை வீட்டில் போட்டேன். முடிந்ததும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் இங்கே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.

உங்கள் சம்பந்தி