மூடக் கூடாத பாத்தி

ஸ்காபரோ, ரொறன்ரோ
18.09.2005

அன்புள்ள தங்கச்சி யோசெப்பினுக்கு,

வீடு மாறிய அலுப்பு உங்களுக்குத் தீர்ந்திருக்கும். எனக்கு இன்னும் தீரவில்லை. மகன் நிர்மலனின் பதினோராம் மாடியில் மண் என்று சொல்ல ஒரு பூச்சாடிகூட இல்லை. போனில் கதைக்கலாம்தான், ஆனால் என் காதுக்குக் கேட்க நீங்கள் சண்டை பிடிப்பது போலக் கத்த வேண்டிவரும். அதனால் கடிதம்.

வீட்டை விற்ற கிழவன் இன்னும் உத்தரவு போடுகிறானே என்று ஏசாதேங்கோ. ஒரே ஒரு விஷயம். குசினி யன்னலுக்கு நேரே, கிழக்குச் சுவரோரம் இருக்கிற பாத்தியைக் கிண்டிவிட வேண்டாம். வெறும் மண் மாதிரித்தான் தெரியும். கீழே கிழங்குகள் இருக்கின்றன. கிரவுன் இம்பீரியல் என்று பெயர், ஃபிரிட்டில்லாரியா குடும்பம். என் மனைவி சிவநேசம் தன் கையால் போட்ட விதை. போட்ட அடுத்த வருசம் அவள் போய்விட்டாள். விதையிலிருந்து பூவுக்கு ஆறேழு வருசம் செல்லும். அதுவரை வெறும் இலைதான். விதைப் பையில் நிறம் எழுதியிருக்கவில்லை. அவள் மஞ்சள் என்றாள், நான் செம்மஞ்சள் என்றேன். அந்தப் பந்தயம் இன்னும் முடியவில்லை. வருகிற வசந்தத்தில் பூக்குமென்று நினைக்கிறேன்.

ஐப்பசியில், கராஜில் இருக்கிற பால்மாப் பேணியை, அந்தத் தகர டின்னை எடுத்து, அதிலுள்ள எலும்புத்தூளைத் தூவிக் கொத்திவிடுங்கோ. அந்த மணத்துக்கு ஸ்கங் என்கிற நாற்றம் பீச்சுகிற பிராணி வந்து கிளறும், அதனால் கம்பி வலை போடுங்கோ. மற்றபடி வைக்கோலோ இலையோ போட்டு மூடவே கூடாது. குளிர் பட்டால்தான் இந்தக் கிழங்கு பூக்கும். இரக்கம் பார்த்தால் பூ இல்லை.

உங்கள் வீட்டில் மனதால் பாதி குடியிருக்கிற,
அருமைராசா

---

கர்க்லாண்ட், மொன்றியல்
04.12.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

மட்டக்களப்பாளுக்குத் தோட்ட வேலை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள். எல்லாம் சொன்னபடி முடிந்தது! என் வீட்டுக்காரர் கிறகரிதான் ஏணி வைத்து மேல்தட்டிலிருந்து பேணியை இறக்கினார். ஐயோ அண்ணன், யாழ்ப்பாணத்தார் உரத்தைக்கூட வெள்ளைத் துணியில் முடிந்தா வைப்பீர்கள்? சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துபோயிற்று. இடைக்கிடை சின்னச் சின்னக் கட்டியாகக் கிடந்தது. இவர் கையாலேயே நொறுக்கித் தூவினார்.

ஒரு ஸ்கங்கும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மேடம் தன் பாத்திக்குப் போட்ட எலும்புத்தூளுக்கு அது வந்து முழுவதையும் கிளறி நாசமாக்கிவிட்டது. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் காலத்திலும் குசினி இப்படித்தான் குளிருமா? ஹீட்டர்காரன் இரண்டு தரம் வந்து, ஒரு பிழையும் இல்லை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனான். யன்னலடியில் நின்று கோப்பை கழுவினால் கால் விறைக்கிறது. வெளியே யாரோ நின்றுகொண்டு உள்ளே வரட்டுமா என்று கேட்கிற மாதிரி ஓர் எண்ணம். நிமிர்ந்து பார்த்தால் பாத்தியும் பனியும்தான். "உனக்கு விசர்" என்கிறார் கிறகரி. இருக்கலாம். ஆனால் அவரும் இப்போது குசினிக்குள் தேத்தண்ணி குடிப்பதில்லை, அறைக்குள் கொண்டுபோய்க் குடிக்கிறார்.

நத்தார் வாழ்த்துகள். மருமகள் சுகமாகப் பிள்ளை பெற மாதாவை வேண்டுகிறேன்.

தங்கச்சி,
யோசெப்பின்

---

ஸ்காபரோ
10.12.2005

தங்கச்சி,

கேட்பதற்கு உடனே மறுமொழி எழுதுங்கோ. மேல்தட்டு என்பது நிச்சயமா? தூள் வெளிர்சாம்பல் நிறமா, மஞ்சள் கலந்ததா? மணம் இருந்ததா? கீழ்த்தட்டில், பெயின்ற் வாளிக்குப் பின்னால், இன்னொரு பேணி இருக்க வேண்டும். அதைத் திறந்து மணந்து பாருங்கோ.

மேல்தட்டில் இருந்தது சிவநேசம்.

அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் கராஜில் வைத்திருந்தேன். இங்கே கொண்டுவர, மருமகள் பிள்ளைத்தாச்சி என்று நிர்மலன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். உங்களிடம் சொன்னால் வீட்டை வாங்கமாட்டீர்களோ என்று பயந்து மறைத்தேன். வருகிற ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணம் போய்க் கீரிமலைக் கடலில் கரைப்பதற்கு ரிக்கற் போட்டிருக்கிறேன். போகும்போது வந்து எடுக்கலாம் என்றிருந்தேன். எந்தப் பேணி என்று உங்களுக்கு எழுத எனக்குத் தோன்றவே இல்லை. அதைப் பேணி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை இந்தக் குளிருக்குள்ளை விட்டிட்டுப் போயிடாதேங்கோ." நான் ஓம் என்று சொன்னேன்.

அருமைராசா

---

கர்க்லாண்ட்
17.12.2005

அண்ணன்,

மேல்தட்டுத்தான். வெளிர்சாம்பல் நிறம், மணமே இல்லை. கீழ்த்தட்டுப் பேணியைத் திறந்தேன், மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? நாங்கள் என்ன மனுசர் இல்லையா? பக்கத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்துப் பத்திரமாகப் பார்த்திருப்பேனே. அந்த அக்காவை முன்னால் வைத்துக்கொண்டு சிரித்தேனே, பாவி! கிறகரி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று மண்வெட்டியோடு போய்ப் பார்த்தார். நிலம் கல்லாய் இறுகிவிட்டது, இரும்பு இறங்கவில்லை. எங்கள் வழக்கத்தில் மண்ணுக்குள் வைப்பதுதான் மரியாதை. உங்களுக்குத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். பனி கரைந்ததும் மேல்மண் முழுவதையும் அள்ளி அரித்துத் தருகிறோம். கிழங்கு போனால் போகட்டும். என்ன செய்யட்டும் என்று ஒரு வரி எழுதுங்கோ.

இப்போது குசினியில் விளக்கை அணைப்பதில்லை. அக்காவுக்கு யன்னல் தெரியட்டும்.

யோசெப்பின்

---

கர்க்லாண்ட்
14.05.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

ஐந்து மாதமாக உங்களிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. பேரன் பிறந்ததைக்கூட வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். ஏசுவதென்றால் ஏசி எழுதுங்கோ, வாங்கிக்கொள்கிறேன். இந்த மௌனம்தான் தாங்கவில்லை.

நீங்கள் சொல்லாமல் பாத்தியில் கை வைக்கத் துணியவில்லை. அதற்குள் முளைத்துவிட்டது. தண்டு என் இடுப்பளவு. உச்சியில் அன்னாசிக் கொண்டை மாதிரி இலைக் குடுமி, அதற்குக் கீழே வட்டமாக மணிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. கிட்டப் போனால் ஸ்கங் மணம் அடிக்கிறது. முழங்காலில் நின்று ஒரு மணிக்குள்ளே அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு இதழடியிலும் ஒரு துளி நீர். தண்டை ஆட்டிப் பார்த்தேன், விழவில்லை. வேறு பூவோ என்று சந்தேகம் வேண்டாம், அத்தனை அடையாளங்களும் அந்தக் கிரவுன் இம்பீரியலுக்கே உரியவை என்று லைப்ரரிப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன்.

மஞ்சள், அண்ணன். எல்லாமே மஞ்சள். அக்கா வென்றுவிட்டார்.

எல்லாம் யன்னல் பக்கமாகவே சாய்ந்து நிற்கின்றன. வெளிச்சத்துக்குச் செடி சாயும் என்கிறார் கிறகரி. வெளிச்சம் மற்றப் பக்கத்திலிருந்துதானே வருகிறது? வைகாசியிலும் என் கால் விறைக்கிறது.

அள்ளி அரிக்கவா, விடவா? ஆடிக்கு நாள் இருக்கிறது.

யோசெப்பின்

---

ஸ்காபரோ
05.11.2006

அன்புத் தங்கச்சி யோசெப்பினுக்கு,

கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. பேனையை எடுத்தால் அவள் கேட்டதுதான் காதில் கேட்டது. இந்தக் காதில் அது ஒன்று மட்டும் நன்றாகக் கேட்கிறது.

ஆடி அமாவாசைக்கு நான் போகவில்லை. வெறுங்கையோடு கீரிமலைக்குப் போய் என்ன செய்வது? ரிக்கற்றை விட்டுவிட்டேன். பிறகு ஆவணி பிறக்க முன்னமே சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். இனி எப்போது திறக்குமோ, அதுவரை நான் இருப்பேனோ தெரியாது.

மண்ணை அள்ள வேண்டாம். அவளை அரித்தெடுத்து மறுபடியும் ஒரு பேணிக்குள் போட எனக்கு மனமில்லை. கிறகரித் தம்பியைச் சாப்பிடச் சொல்லுங்கோ. நொறுக்கின கை தெரியாமல் நொறுக்கினது. சொல்லாமல் மறைத்த வாய் என்னுடையது. மஞ்சள் என்று நீங்கள் எழுதிய இடத்தை மட்டும் வெட்டி அவளுடைய படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

இத்துடன் வருகிற பார்சலில் அவளுடைய மண்ணிறக் குளிர்க்கோட் இருக்கிறது. குசினியில் நின்று சமைக்கும்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் சமைப்பாள். முதல் பனி விழ முன்னம் அதைப் பாத்தியின் மேல் விரித்துவிடுங்கோ. கழுத்துப் பக்கம் யன்னலைப் பார்க்கட்டும். பொத்தான்களைப் பூட்டிவிடுங்கோ. அதற்கு மேல் வைக்கோல், இலை, உங்களிடம் இருக்கிற பழைய போர்வை எல்லாம் போட்டு நல்லாய் மூடுங்கோ.

முன்னர் நான் எழுதியது நினைவிருக்கிறது. பூக்காவிட்டால் பூக்காமல் போகட்டும்.

அண்ணன்,
அருமைராசா